பால் நிற மருந்து

மைசூரில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில் சுனந்தா அக்கா கையை நீட்டிப் படுத்திருந்தாள். மூன்று முறை கலைந்துபோய், இது நான்காவது கரு. ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் அதிகம், அவைதான் குழந்தையைக் கொல்கின்றன என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவற்றை அடக்கும் மருந்து பால் நிறத்தில் பாட்டிலில் தொங்கியது.

நான் கர்ப்பப்பைச் செல்களை ஆராயும் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

"அக்கா, ரத்தத்துல இருக்கறது வேற, கர்ப்பப்பைல இருக்கறது வேற. அங்க இருக்கறது குழந்தைக்கு ரத்தம் வர வழி பண்ணிக் குடுக்கும். அதைப் போய் அடக்கணுமா?"

"வந்துட்டா பெரிய சயின்டிஸ்ட்! அப்ப என் மூணும் ஏன்டி போச்சு?"

"தெரியலக்கா. யாருக்குமே சரியா தெரியல."

"நீ தெரியலங்கற. அவரு இதுதான் கொல்லுதுன்னு காட்டறாரு. பழி அது மேலயே இருக்கட்டும்டி. இல்லன்னா என் மாமியார் சொல்ற மாதிரி என் குழந்தைங்கள நானே தின்னேன்னு ஆயிடும்."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். அக்காவின் பச்சை வளையல்களை மேலே தள்ளிவிட்டு, கை அசையாமல் நானே பிடித்துக்கொண்டேன்.