பிசின் பிடித்த நான்கு சொற்கள்

வாசனைத் திரவியக் கடையின் பின்னறையில் நான்கு சொற்கள் இருபத்தாறு ஆண்டுகள் கலையாமல் நின்றன. “உன்ன யாரு இருக்கச் சொன்னா?” என்பவை அந்தச் சொற்கள். சொன்னவன் தம்பி. கேட்டவள் அவனுடைய அக்கா. அறை பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. ஒரு சன்னல், ஒரு கல்மேசை, சுவரோரம் அகலவாய் ஜாடிகள் பதினொன்று. கதவைத் திறந்து உள்ளே போய் மூன்றாவது மூச்சை இழுக்கும்போது அது கேட்கும். காதுக்கு வேலை இல்லை. மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவே எங்கோ, முப்பது வயது ஆணின் குரலில், சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டவனின் எரிச்சலோடு கேட்கும். வெயில் ஏறினால் சத்தமும் ஏறும். மழை நாட்களில் ஈரத்துணியால் மூடியதுபோல அமுங்கிக் கிடக்கும். மூக்கடைப்பு உள்ளவர்களுக்குக் கேட்பதில்லை. அதனால் சளி பிடித்த நாட்களே அக்காவுக்கு விடுமுறையாக இருந்தன.

அந்தத் தொழிலில் எல்லா மணமும் ஒன்றுபோல நிற்பதில்லை. எலுமிச்சைத் தோலின் மணம் அரைமணி நேரத்தில் போய்விடும். பூக்கள் மதியம்வரை தாங்கும். கடைசிவரை இருப்பவை மரப்பிசின்கள்: சாம்பிராணி, குங்கிலியம், வெள்ளைப்போளம். மரம் தன் மேல் விழுந்த வெட்டை அடைக்க வடிப்பது பிசின். அடைத்த இடத்தை அது பிறகு விடுவதில்லை. ஒரு கலவையில் அதன் வேலை, போகப் பார்க்கும் மற்ற மணங்களின் கையைப் பிடித்து உட்காரவைப்பது. அக்கா பிசின் கட்டிகளை ஒரு நாள் குளிர்பெட்டியில் வைப்பாள். இல்லாவிட்டால் இடிக்கும்போது உலக்கையோடு ஒட்டிக்கொண்டு வரும். இடித்ததைச் சாராயத்தில் ஊறப்போட்டு, நாற்பது நாள் காலையில் குலுக்கி, காகிதத்தில் வடிகட்டுவாள். ஜாடிகளின் வாய் திறந்திருக்கும்போது அறையில் மனிதர் வாய் மூடியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அப்பா காலத்திலிருந்தே இருந்த வழக்கம். மூச்சின் ஈரம் பட்டால் சாராயம் பால்போலக் கலங்கிவிடும் என்று காரணம் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் அது சின்னக் காரணம்.

அந்தச் சொற்கள் விழுந்த ஆண்டில், வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: காலையில் பூசினால் சாயங்காலம் வாசனை இல்லை. அக்கா பிசினை இரண்டு மடங்காக்கினாள். பதினோரு ஜாடிகளும் திறந்திருந்த ஒரு மதியத்தில் தம்பி உள்ளே வந்தான். தகர டின்களில் தயாராக வரும் எண்ணெயை வாங்கிப் புட்டியில் அடைத்தால் போதும், இந்த அறையைக் காலிசெய்து சரக்கு வைக்கலாம் என்று தன் மனைவியோடு பேசி முடித்துவிட்டு வந்திருந்தான். அக்கா உதட்டில் விரலை வைத்து ஜாடிகளைக் காட்டினாள்.

“கையக் காட்டாத. வாயத் திறந்து பேசு” என்றான்.

அக்கா திறந்தாள். “பதினெட்டு வருஷம் உனக்காக இந்த ரூம்ல நின்னிருக்கேன்டா.”

“உன்ன யாரு இருக்கச் சொன்னா?” என்று கேட்டுவிட்டு அவன் சாப்பிடப் போனான்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது அந்தக் கேள்வி அங்கேயே இருந்தது. சன்னலைத் திறந்துவைத்தாள். சுவரைச் சோப்பு போட்டுக் கழுவினாள், பிறகு சாராயம் தொட்டுத் துடைத்தாள். அடுத்த வாரம் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு அடித்தவர் பாதி வேலையில் வாளியோடு வெளியே வந்து, கூப்பிட்டதால்தான் வந்தேன், இப்படிக் கேட்டால் எப்படி என்று கோபித்துக்கொண்டு போனார்.

இருக்கச் சொன்னது யார் என்பது அக்காவுக்குத் தெரியும். அவளுக்கு இருபத்திரண்டு வயதில் அப்பா இறந்தார். அடுத்த மாதம், புட்டி செய்து தருபவரின் மகன் அவளைப் பெண் கேட்டு வந்தான். நல்லவன். கண்ணாடி ஊதி ஊதிக் கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். சிரித்தால் குழந்தை மாதிரி இருப்பான். அவளுக்கும் பிடித்திருந்தது. அன்று மாலை பன்னிரண்டு வயதுத் தம்பி மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான். “போகாத அக்கா. நீயும் போயிட்டா நான் யார்கூட இருப்பேன்?” என்றான். அவள் போகவில்லை. புட்டிக்காரர் மகன் இரண்டு ஆண்டு காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். மாடிப்படியில் பிசின் எதுவும் இருக்கவில்லை. அந்தச் சொற்களைப் பிடித்துவைக்க அங்கே யாருமில்லை. அன்று விளக்கேற்றுவதற்குள் அவை போய்விட்டன.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே வாயிலிருந்து வந்தவை. போக வேண்டியது நின்றது, நிற்க வேண்டியது போனது. அக்கா அதைப் பற்றி வெகுகாலம் யோசித்தாள். வாசனைத் தொழிலில் இருக்கும் ஒருத்திக்கு இது புதிதல்ல என்றாலும்.

ஒரே ஒரு தடவை, அந்த மதியத்துக்கு மூன்று நாள் கழித்து, “மாடிப்படியில நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“எந்த மாடிப்படி?” என்றான் தம்பி.

அவன் நடிக்கவில்லை. எடுத்துக்கொடுத்தால் அது அவள் சொல்லாகிவிடும்; அவளுக்கு வேண்டியது அவனாக நினைத்துப் பார்த்து, “நான்தான் இருக்கச் சொன்னேன்” என்று சொல்வது. அதைக் கேட்காமல் அந்த அறையைவிட்டுப் போவதில்லை என்று முடிவுசெய்தாள். அறையில் நின்ற கேள்விக்குப் பதிலும் சொல்வதில்லை, அது அவன் சொல்ல வேண்டிய பதில் என்றும் முடிவுசெய்தாள். எண்ணெய் டின் பேச்சு அத்தோடு நின்றுபோனது, ஏனென்றால் அந்த அறையில் சரக்கு இறக்க யாரும் சம்மதிக்கவில்லை.

பிசின் வியாபாரி மட்டும் பழகிக்கொண்டார். முதல் நாள் மூட்டையை இறக்கியவர் மூன்றாவது மூச்சில் நிமிர்ந்து, “இறக்கிட்டுப் போயிடறேன் தாயி, அதுக்கு ஏன் இப்படி?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் மூட்டைமேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். “எங்க வீட்ல இதைவிட மோசமாப் பேசுவாங்க. ஆனா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்” என்றார்.

வாடிக்கையாளர்கள் வருவது குறைந்ததும் தம்பி மன்னிப்புக் கேட்டான். திறந்த ஜாடிகளுக்கு நடுவே நின்று, மனைவி சொல்லிக்கொடுத்தபடி, “தெரியாம சொல்லிட்டேன் அக்கா, மன்னிச்சிடு” என்றான். அக்கா தன் தொழில் வழக்கப்படி மணம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்கிற காகிதப்பட்டையை நீட்டிப் பிடித்து, மணி பார்த்து, சுவரில் செருகிவைத்தாள். அந்த மன்னிப்பு இருபத்தைந்து நிமிடம் நின்றது. எலுமிச்சையைவிடக் குறைவு. மறுவாரம் இன்னொரு தடவை கேட்டான், அழுதும் பார்த்தான். அது மதியம்வரை வந்தது. “கனம் பத்தல. பிசின் மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டு அவள் ஜாடிகளை மூடினாள்.

அந்த மதியத்துக் கலவை முந்நூறு புட்டிகளாக அடைக்கப்பட்டு ஏற்கெனவே போயிருந்தது. பூசிக்கொண்டவர்கள் பக்கத்தில் போகிறவர்களுக்கு எல்லாம் அந்தக் கேள்வி கேட்டது. பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது. ஆனால் எல்லோரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஒருவர் ஆறு புட்டி கேட்டு ஆள் அனுப்பினார். ஆட்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்த ஒரு மேலாளர், எத்தனை இருந்தாலும் எடுத்துக்கொள்வதாக எழுதினார். இரண்டு மருமகள்கள் தனித்தனியாக வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல நின்று வாங்கிப் போனார்கள். கையில் இருந்தது தீர்ந்ததும் தம்பி அறை வாசலில் வந்து நின்றான்.

“சும்மா ஒரு தடவை சொல்றேன் அக்கா. மனசுல வெச்சுக்காத” என்றான்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினோரு ஜாடிகளைத் திறந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். அவன் அதே நான்கு சொற்களைச் சொன்னான். வியாபாரத்துக்காகச் சொன்னதால் அவை மூன்று நாளில் சீர்கெட்டு, புளித்த மாவுபோல நாறின. அந்தத் தொகுதியைச் சாக்கடையில் ஊற்றினார்கள். பழையது அறையில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஆண்டுகள் போயின. தம்பிக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அத்தையின் அறைக்குப் போனால் அப்பா திட்டுவார் என்று முதலில் நினைத்தார்கள். வளர்ந்த பிறகு காரணம் தெரிந்து, தெரியாததுபோல இருந்தார்கள். தம்பி அறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டான். வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுவான். அக்கா ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தக் கேள்வியைக் கேட்டபடி பிசின் இடித்தாள், வடிகட்டினாள், முகர்ந்தாள். அவள் செய்தது தூரதேசங்களுக்குப் போனது. அங்கிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர் தங்களிடம் வேலைக்கு வரச்சொல்லி, இருக்க வீடும் தருவதாகச் சொன்னபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. “இன்னும் ஒரு பதில் வரவேண்டியிருக்கு” என்று அவள் சொன்னதை அவர் கடிதம் என்று நினைத்துக்கொண்டார்.

தம்பியின் ஐம்பத்தாறாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் கிடந்தான். எழுந்தபோது மூக்கு செத்துப்போயிருந்தது. சாம்பிராணியும் சாக்கடையும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. இனி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தேறிய பிறகு ஒரு நாள், சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ள மறந்துபோய், அதைக் கையில் பிடித்தபடி அறைக்குள்ளேயே வந்துவிட்டான். பயந்துபோய் நின்றான். மூன்றாவது மூச்சு, நான்காவது, பத்தாவது. அவன் முகம் மலர்ந்ததை அக்கா பார்த்தாள்.

“போயிடுச்சா அக்கா?” என்றான். “எப்ப போச்சு? சொல்லவே இல்லையே நீ!”

வெயில் நாள். அந்த நேரத்தில் அது உச்சத்தில் இருந்தது. அக்கா அவன் கண்களைப் பார்த்தாள். பிறகு உலக்கையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

கேட்காமல் போனது மறந்தும் போகும். அந்த ஆண்டே கடைக்கு ஐம்பது வயது நிறைந்ததற்குத் தம்பி ஒரு கூட்டம் வைத்தான். தெருவை அடைத்து நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டினார்கள். அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தம்பி மனதாரப் பேசினான். “எங்க அக்காவை யாரும் இருன்னு சொல்லல” என்றான். “அவங்களாவே இருந்தாங்க. எனக்காக. அப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?” எல்லோரும் கைதட்டினார்கள். அவனுடைய மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிசின் வியாபாரி மட்டும் கைதட்டாமல் தரையைப் பார்த்தார். அதே சொற்கள்தான், சர்க்கரை போட்டிருந்தார்கள். அறையில் நின்றதாவது ஒரு கேள்வியாக இருந்தது. கேள்விக்குப் பதில் வரலாம். பாராட்டுக்குப் பதில் கிடையாது, எழுந்து கும்பிட வேண்டும். அக்கா எழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் காலை அவள் பதினோரு ஜாடிகளை மேசையில் வரிசையாக வைத்துத் திறந்தாள். பிசின் வழக்கமான அளவுதான், ஒரு துளி கூடுதலாக்கவில்லை. மூன்றாவது மூச்சில் கேள்வி வந்தது. அது முடியும்வரை பொறுத்திருந்து, நாற்பத்துநான்கு ஆண்டுகள் வாயில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“நீதான்டா.”

அது நின்றது. காகிதப்பட்டை வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மறுநாளும் இருந்தது, மழைக்காலம் முடிந்தும் இருந்தது. அறைக்குள் வருபவர்களுக்கு முதலில் ஆண் குரலில் கேள்வியும், உடனே பெண் குரலில் பதிலும் கேட்கின்றன. யாரோ ஒரு குடும்பத்துப் பேச்சு என்று தெரிந்துவிடுவதால் இப்போது யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. வாடிக்கையாளர்கள் அது ஓய்வதற்குக் காத்திருந்துவிட்டு, தங்களுக்கு வேண்டியதைக் கேட்கிறார்கள். பிசின் வியாபாரி அதற்கு நடுவிலேயே எடை சொல்கிறார்.

தம்பி தினமும் நான்கு மணிக்குத் தேநீரோடு வந்து சன்னலோர நாற்காலியில் உட்காருகிறான். அந்த நேரத்து வெயிலில் இரண்டு குரலும் தெளிவாக இருக்கும். “இந்த ரூம்ல என்ன ஒரு அமைதி அக்கா” என்கிறான். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை குங்கிலியம் இடிக்கிறாள்.