ஆறாவது விரல் வகையில்

ஸ்ரீரங்கம் சௌரிராஜனுக்குக் கணக்கு என்பது தொழில் இல்லை, உபாதை. ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர், ஆயிரத்துக்குக் குறைந்த தூண்களைப் பெருமாள் பேரில் 'வரவேண்டிய பாக்கி' என்று எழுதி வைத்திருந்தார். பாக்கி இன்னும் வசூலாகவில்லை. காவேரியில் முழுகி எழுந்தால் உடம்போடு எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்று துண்டைப் பிழிந்து பார்த்துவிட்டுத்தான் கரையேறுவார் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. துண்டை எல்லாரும்தான் பிழிகிறார்கள்; இவர் பிழிந்ததை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பேர்ப்பட்டவர் முப்பத்தாறாம் வருஷத்து ஆடி மாதத்தில் ஒரு வாரம் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்தார். காரணம் புளி.

காந்தி மார்க்கெட்டில் பரக்கத் அலியின் புளி மண்டிக்கு அவர்தான் கணக்குப்பிள்ளை. பரக்கத் அலிக்கு வலது கையில் ஆறு விரல். சுண்டு விரலை ஒட்டி, பிறக்கலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றுவிட்ட மாதிரி ஒரு குட்டி விரல். மற்றவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றலாம். மார்க்கெட்டுக்கு அது ஒரு வியாபாரச் சிக்கல். ஏனென்றால் அங்கே மொத்த விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவது. ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கை என்றால் ஐந்து. பரக்கத் அலியின் முழுக் கை எத்தனை? கடைசியில் ஊர் கூடி, அந்த ஆறாவது கணக்கில் சேராது என்று முடிவு செய்திருந்தது. முப்பது வருஷமாக அந்தக் கை ஐந்துதான்.

ஒருநாள் மத்தியானம் பரக்கத் அலியும் அவர் தம்பி குத்புதீனும் சேர்ந்தாற்போல் கணக்குப் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"சாமி, தம்பி பிரிஞ்சு போறான்" என்றார் பரக்கத் அலி.

"பிரியலைண்ணே. சைக்கிள் கடை வைக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். புளியை விட்டுட்டு ரப்பரை நம்பிப் போறான்."

"புளியை நம்பி இருபது வருஷம் பல்லு கூசினது போதும்."

ஏற்பாடு இதுதான்: மண்டி அண்ணனுக்கு. மண்டி பெறுகிற மதிப்பில் பாதியைத் தம்பிக்கு ரொக்கமாகக் கொடுத்துவிடவேண்டும். மதிப்பைச் சௌரிராஜன் சொல்லவேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும். இரண்டு பேரில் ஒருவர் ஒப்பாவிட்டாலும் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும். மண்டிக்குப் பூட்டு விழும். கணக்குப்பிள்ளை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

சௌரிராஜன் அப்போது சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"கவலைப்படாதீங்கோ பாய். கணக்குங்கறது ஒரு அளவை. படியால அரிசியை அளக்கறாப்பல நான் மண்டியை அளந்து சொல்லிடறேன்" என்றார்.

இதைக் கேட்கக்கூடாத ஆள் அங்கே இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து எடைக்கல்லுக்கும் படிக்கும் முத்திரை குத்துகிற கிளமென்ட். பாலக்கரைக்காரர். கல்யாணத்தன்று மோதிரத்தை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் விரலில் போட்டார் என்பது அவரைப் பற்றிய செய்தி. தராசு ஆடி நிற்கும்வரை பாதிரியார் காத்திருந்தாராம்.

கிளமென்ட் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஓய், ஒரு மூட்டையை நான் நிறுத்தாலும் அதே எடை, என் மாமியார் நிறுத்தாலும் அதே எடை. அதுக்குப் பேரு அளவை. உம்ம தொகையை வேற ஒருத்தர் போட்டா அதுவே வருமா?"

"பேஷா வரும்."

"வந்தா உம்ம பேரேட்டுல என் முத்திரையைக் குத்தறேன், படிக்குச் சமானம்னு. வராட்டி அளவைங்கற பேச்சை இந்த மார்க்கெட்டுல எடுக்கப்படாது."

"குத்தறதுக்கு அட்டையிலே இடம் விட்டு வைக்கிறேன்" என்றார் சௌரிராஜன்.

அன்று சாயங்காலமே தொகையைப் போட்டுவிட்டார். சரக்கை வாங்கின விலைக்கு வைத்து, வரவேண்டியதைக் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்தால், தம்பிக்குப் பாதி நாலாயிரம். நிம்மதியாகப் பஸ் ஏறினார். காவேரிப் பாலத்தில் பஸ் பாதி வரும்போது, புளி விலை இப்போது ஏறியிருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. இன்றைய விலைக்கு வைத்தால் ஐயாயிரம். அம்மாமண்டபம் தாண்டுவதற்குள் இன்னொரு நினைப்பு. மண்டியையே ஒரேயடியாக ஏலத்தில் விற்றால்? ஆடிக் காற்றில் அத்தனை புளியை யார் வாங்குவான்? மூவாயிரம் தேறினால் பெரிது.

மூன்று தொகை. மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தார். எதிலும் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் தேவலை. திருத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சித்திரை வீதிகளைச் சுற்ற ஆரம்பித்தார். முட்டுக்கட்டை இல்லாத தேர் மாதிரி ஓடினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தெரிந்தவர்கள் கும்பிட்டால், பதிலுக்கு "நாலா, அஞ்சா?" என்றார். வீட்டுக்கு வந்தும் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தார்.

"ஏன்னா, குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் இப்படி அலையறேள்?" என்றாள் மனைவி வேதவதி.

"நம்மாத்துப் பித்தளை அண்டா என்ன பெறும்?"

"வாங்கறதுக்கா, விக்கறதுக்கா?"

"ரெண்டும் இல்லை. சும்மா என்ன பெறும்?"

"சும்மா எப்படிப் பெறும்? யாராவது கேக்கணும்."

"யாருமே கேக்கலைன்னா?"

"அப்போ அதுல வெந்நீர் போடலாம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. விலைதானே ஆடுகிறது? எடை ஆடாதே! அதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று, கிளமென்டையே கூப்பிட்டு, அவருடைய தராசிலேயே ஒரு புளி மூட்டையைக் காலையில் நிறுக்கச் சொன்னார். மழைக்காற்று சிலுசிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்துக் குறித்துக்கொண்டார்கள். மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு திருப்திக்காக அதே மூட்டையை மறுபடி நிறுத்தார்கள். குறைந்திருந்தது.

கிளமென்ட் எடைக்கல்லைத் துடைத்தார். தராசு முள்ளை ஊதினார். மூட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று சுற்றி வந்தார்.

சௌரிராஜனுக்கு வாரத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. உப்பு போட்ட புளி காற்றின் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். மண்டியில் யாருக்கும் தெரிந்ததுதான். "ஓய், உம்ம மாமியார் காலம்பற நிறுப்பாளா, மத்தியானம் நிறுப்பாளா?" என்றார்.

கிளமென்ட் ஒரு எடைக்கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பிறகு சொன்னார்: "மாறினது புளி ஓய். என் கல்லு மாறலை. உம்ம கதை அப்படியா? புளி அப்படியே கிடக்கு, அது பாட்டுக்கு. உம்ம தொகை மட்டும் மூணா நிக்குது."

சிரிப்பு போய்விட்டது. அது உண்மை. சௌரிராஜன் அன்றைக்குப் பஸ் ஏறவில்லை. பாலத்தில் நடந்தே போனார். நடுவில் நின்று, கீழே போகிற புதுவெள்ளத்தைப் பார்த்து, "இத்தனை நாளா நான் எதை அளந்துண்டிருந்தேன்?" என்று கேட்டார். வெள்ளத்துக்குக் கல்லணைப் பக்கம் அவசர வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள். செய்தி பரவி மண்டி வாசலில் கூட்டம். கிளமென்ட் முத்திரையும் சுத்தியலுமாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க சாமி" என்றார் பரக்கத் அலி.

சௌரிராஜன் பேனாவைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். "வாங்கின விலைக்கு நாலாயிரம். இன்னிக்கு விலைக்கு அஞ்சாயிரம். ஏலம் போட்டா மூவாயிரம்."

"தொகையைக் கேட்டா, பஸ் சார்ஜ் மாதிரி ஊருக்கு ஒண்ணா சொல்றீங்க?"

"எல்லாம் சரியான தொகைதான் பாய்."

"நாலு நியாயம்" என்றார் பரக்கத் அலி. "நான் கைக்காசு போட்டு வாங்கின விலை அதுதானே."

"அஞ்சு இன்னைக்கு விலை. அதோட போச்சா?" என்றார் குத்புதீன். "பரக்கத் அலி மண்டிப் புளின்னா ஜனங்க முகர்ந்துகூடப் பார்க்காம வாங்கறாங்க. அந்தப் பேரு எந்த மூட்டையில இருக்கு? அதை நிறுத்தீங்களா?"

"பேரு என்னுது."

"பேரு உங்களுது. மூட்டை சுமந்த முதுகு யாருது?"

"வக்கீல்கிட்டப் போயி முதுகைக் காட்டு."

"காட்டறேன். போவமா?"

போயிருப்பார்கள். பரக்கத் அலி செருப்பில் ஒரு காலை நுழைத்தாகிவிட்டது. சௌரிராஜன் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை உருவி, இரண்டு பேர் கைகள்மேலும் வீசினார். காலையில்தான் மடியாக உலர்த்திப் போட்டுக்கொண்டது. போகட்டும்.

"துண்டுக்குள்ள பேசுங்கோ" என்று, தன் கைகளையும் உள்ளே விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார். துண்டுக்குள் கோபம் செல்லாது. அதுதான் அதில் சௌகரியம். இறங்கி வருவதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

தம்பியின் கை முழுக் கையாக அழுத்தியது. பிறகு தனியாக ஒரு விரல். ஆறாயிரம். அண்ணனின் கை நாலு விரலைக் கொடுத்து நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு விரிந்து முழுக் கையாயிற்று. ஐந்து. அந்தக் குட்டி விரல் சௌரிராஜனின் உள்ளங்கையில் ஜில்லென்று பட்டது. அவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பது வருஷத்து வழக்கம்.

ஆயிரம் இடித்தது. தம்பி இறங்கவில்லை, அண்ணன் ஏறவில்லை. மூன்று பேர் கையும் வியர்த்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரால் முடியவில்லை. "மூடி வச்சு அளக்கறது என்ன அளவை? எந்த அளவையா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியணும்" என்று எழுந்து வந்து, கிளமென்ட் துண்டைத் தூக்கிவிட்டார்.

காந்தி மார்க்கெட் சரித்திரத்தில் பேரத்தின் நடுவில் துண்டைத் தூக்கியவர் யாரும் கிடையாது. ஆடிக்கொண்டிருந்த தராசுகள் அந்தக் கணம் நின்றன. ஒரு கட்டு கறிவேப்பிலை வாடிவிட்டது என்றுகூடச் சொன்னார்கள்.

கிளமென்ட் குனிந்து பரக்கத் அலியின் விரல்களை எண்ணினார். "ஆறு."

"அது அஞ்சு சார்" என்றார் சௌரிராஜன்.

"ஆறு விரல் இருக்கு ஓய்."

"இருக்கு. ஆனா அஞ்சு. வழக்கம்."

"வழக்கத்துக்கு முத்திரை இருக்கா?" கிளமென்ட் பரக்கத் அலியின் பக்கம் திரும்பினார். "பாய், கை உங்களுது. நீங்களே சொல்லுங்க. அஞ்சா, ஆறா? எதைச் சொன்னாலும் சரி. சொன்ன பிறகு மாறப்படாது."

பரக்கத் அலி தன் கையை, அடுத்தவர் சரக்கைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டம் அசையாமல் கழுத்தை நீட்டியது. சௌரிராஜனுக்குத்தான் கால் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்.

"அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ணினப்ப இவன் நடை பழகுற புள்ளை" என்றார் பரக்கத் அலி, யாரையும் பார்க்காமல். "நான்தான் மார்க்கெட்டுக்கு நடத்திக் கூட்டியாருவேன். மத்த விரலெல்லாம் இவன் கைக்குப் பெருசு. இதைத்தான் பிடிச்சுக்கிட்டு வருவான்." குட்டி விரலை ஒருமுறை தடவிவிட்டுக் கையை நீட்டினார். "எண்ணிக்கோங்க சார். ஆறு."

குத்புதீன் தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம்ண்ணே. அஞ்சே போதும்."

"எண்ணியாச்சுடா."

"அஞ்சுன்னா அஞ்சுதான். எனக்குச் சைக்கிள் கடைக்கு அது எதேஷ்டம்."

"நாளைக்கு டியூப் வெடிச்சா என் விரலையா வச்சு அடைப்பே? வாங்கிக்க."

ஒரு நாழிகைக்கு முன்னால் ஏற்றச் சண்டை போட்டவர்கள் இப்போது இறக்கச் சண்டை போட்டார்கள். "மாறப்படாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று கிளமென்ட் சுத்தியலை ஓங்கிய பிறகுதான் தம்பி ஒப்புக்கொண்டார். ஆறாயிரம்.

பூட்டு விழவில்லை. வேலையும் போகவில்லை. ஆனால் பேரேட்டில் எழுதவேண்டுமே! சௌரிராஜன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். வாங்கின விலை வகையில் நாலாயிரம். எழுதினார். விலை ஏற்றம் வகையில் ஆயிரம். எழுதினார். மிச்சம் ஆயிரம் எந்த வகையில்? பேனா மசி இரண்டு தடவை காய்ந்தது. கடைசியில் எழுதினார்:

'ஆறாவது விரல் வகையில் ரூ. 1000.'

தோளுக்குமேல் எட்டிப் பார்த்த கிளமென்ட், "இதை வேற யாரு அளந்தாலும் இதே தொகை வருமா ஓய்?" என்றார்.

"வராது. இந்தக் கை வேணும்."

"அப்போ அளவை இல்லை."

"அளவை இல்லைதான். தொகை தப்புன்னு சொல்லும், பார்க்கலாம்."

கிளமென்ட் யோசித்தார். பேரேட்டில் முத்திரை குத்தவில்லை. ஆனால் வந்த வேலையை முடிக்காமல் போகிற ஆளும் இல்லை. பரக்கத் அலியின் கையை வாங்கி, முத்திரையை மசியில் தோய்த்துக் குட்டி விரலில் ஒற்றி, ஆறு என்று சான்று எழுதி, கட்டணம் இரண்டணா வாங்கிக்கொண்டார். அன்று முதல் மார்க்கெட்டில் அந்தக் கை ஆறாயிற்று. புளி விலை ஏறிப்போய், ஸ்ரீரங்கத்தில் அந்த வருஷம் முழுக்க ரசம் நீர்க்க இருந்ததற்குக் காரணம் இதுதான். சந்தேகம் உள்ளவர்கள் அந்த வருஷத்து ரசத்தைக் குடித்தவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

சௌரிராஜன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அங்கவஸ்திரத்தைக் கொல்லையில் போட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வேதவதியிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

"அதான் முடிஞ்சுடுத்தே. இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்லை. புத்தகத்துல ஏத்திட்டா அது சொத்து. சொத்துன்னா வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கணும்." நின்று தன் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டார். "விரலுக்கு எவ்வளவு கழிக்கறது?"

"அண்டால வெந்நீர் போட்டிருக்கேன். போய்க் குளியுங்கோ" என்றாள் வேதவதி.