அலுமாரிக்கு அளவான கொம்பியூட்டர்

சாம்பல்தீவு மீனவர் சங்கத்துக்குப் புதுக் கொம்பியூட்டர் வாங்குவதென்று தீர்மானமானதும், தலைவர் பாக்கியரத்தினம் முதலில் அளந்தது அலுமாரியைத்தான். அதுவும் தன் குடையால். சங்கத்துச் சாமான் எதுவானாலும் பொழுதுபட அந்த இரும்பு அலுமாரிக்குள் போய்விட வேண்டும். திறப்பு தலைவரின் இடுப்பில் தொங்கும். ஆகவே பெட்டி சின்னனாகவும் பவர் பெரிசாகவும் இருக்கவேண்டும் என்று கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசினார். கொம்பியூட்டரை அவர் அதுவரை தொட்டது வருசத்தில் ஒருதரம், சரஸ்வதி பூசைக்குச் சந்தனப் பொட்டு வைக்க.

சங்கத்துக் கிளார்க் பூரணிக்கு வேறு கவலை. கடலுக்குப் போகிறவர்களின் பெயரும் படமும் போட்ட லிஸ்ட் திங்கட்கிழமை தோறும் நேவி முகாமுக்குப் போகவேண்டும். லிஸ்டில் இல்லாத ஆளுக்குக் கடல் இல்லை. இருநூற்றுச் சொச்சம் படங்களைச் சுமக்கமாட்டாமல் பழைய கொம்பியூட்டர் 'ர' வரிசை வரைக்கும் ஊர்ந்து வரும். 'வ' வந்ததும் நின்றுவிடும். பூரணியின் அப்பாவின் பெயர் வேலாயுதம். இரண்டு கிழமையாக மனிதர் கரையில் குந்தியிருந்து, ஓட்டையில்லாத வலையைத் திருப்பித் திருப்பிப் பொத்திக்கொண்டிருந்தார்.

அது சண்டைக் காலம்; இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, பங்குனி மாதம். இருவரும் திருகோணமலை டவுணில் கலீலுர் றஹ்மானின் கடைக்குப் போனார்கள்.

"இந்தச் சின்னப் பெட்டி உங்கட அலுமாரிக்குள்ள போகும்," என்றார் கலீல் நானா. "மெமரி இருநூத்தம்பத்தாறு இரிக்கி. கொமிட்டி தந்த காசுக்கு மேலதிகமா ஒண்டே ஒண்டுதான் போடலாம். மெமரிய ஒரு ஜீபீ ஆக்கலாம். இல்லாட்டிப் பெரிய ஹார்ட் டிஸ்க். இல்லாட்டி டீவி காட்."

தலைவர் கதிரையில் நிமிர்ந்தார். "டீவி காட் எண்டால்?"

"கொம்பியூட்டரே டீவி ஆகிரும். றிமோட்டும் வரும்."

மேற்கிந்தியத் தீவுகளில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் தொடங்கியிருந்தது. ஆட்டம் இங்கே பின்னேரம் ஏழு மணிக்கு. அதே ஏழு மணிக்குத் தலைவர் வீட்டில் மனைவி குணேஸ்வரியும் இரண்டு மச்சினிமாரும் நாடகம் பார்ப்பார்கள். அந்த வீட்டில் றிமோட் இதுவரை ஆண் கைக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. சங்கமோ அடுத்த வளவு, வேலிக்கு அந்தப் பக்கம்.

"டீவி காட்டைப் போடும்," என்றார். "வானிலை பாத்துத்தானே சனம் கடலுக்குப் போறது."

"லிஸ்டில பேர் வந்தால்தானே ஐயா கடல்? மெமரியைக் கூட்டினால் படமெல்லாம் தாங்கும்."

"பிள்ளை, நீ வரிசையை யோசிக்கிறாய். நான் நாட்டை யோசிக்கிறன்."

"நாடு இண்டைக்கு ஆரோட விளையாடுது, தலைவர்?" என்றார் கலீல் நானா.

தலைவருக்கு அது கேட்கவில்லை.

பூரணி வாதாடவில்லை. பேப்பரை எடுத்தாள். கரண்டில் ஓடுகிற எதையும் பாலத்தடியில் குண்டு தேடும் ஆமிச் சென்றியைத் தாண்டிக் கொண்டுபோவதென்றால், உள்ளே இருப்பது ஒவ்வொன்றையும் எழுதி மூன்று பிரதி கொடுக்கவேண்டும். கையெழுத்து வைத்தவரே நின்று விளக்கமும் சொல்லவேண்டும். அதனால் ஊரில் எல்லாரும் எவ்வளவு சுருக்கமாக எழுதலாமோ அவ்வளவு சுருக்கமாக எழுதுவார்கள். பாக்கியரத்தினம் மட்டும் சுருக்கமான கடிதத்தில் கையெழுத்து வைத்ததே இல்லை. சங்கத்துக்கு விளக்குமாறு வாங்கினபோது, 'சுற்றாடலைத் தூய்மைப்படுத்தும் நீள்கைச் சாதனம்' என்று எழுதுவித்தவர். அதை டைப் அடித்தவள் பூரணி.

'சின்னக் கொம்பியூட்டர் 1. டீவி காட் 1. றிமோட் 1' என்று எழுதிப் பணிவாக நீட்டினாள். "இப்பிடிப் போட்டால் காணும்தானே ஐயா?"

"என்ன இது, சந்தைக்குக் குடுத்துவிடுற துண்டு மாதிரி! நான் சொல்லச் சொல்ல எழுது." கண்ணை மூடிக்கொண்டார். "வானலைகளைக் கவரும் உயர்சக்தித் தகடு, ஒன்று. தூரத்தில் இருந்தபடியே இயக்கத்தக்க விசேட கருவி, ஒன்று."

"எவ்வளவு தூரம் எண்டும் போடட்டோ?"

"போடு, போடு. 'இருபது யார் தூரத்திலிருந்து, பொத்தானை அமுக்கிய கணமே பலன் தரும்.'"

பூரணி ஒரு எழுத்தும் பிசகாமல் மூன்று பிரதி எழுதினாள். அடியில் சிங்களத்தில் எழுதுவது கலீல் நானாவின் வேலை. முதல் வரி வேகமாகப் போனது. மூன்றாம் வரியில் பேனை நின்றது.

"தலைவர், எழுதத்தான் ஏலும் எனக்கு. சென்றியில நிண்டு விளங்கப்படுத்துறது நீங்க. எனக்கு நாலு பிள்ளைகள் இரிக்கி."

பாக்கியரத்தினம் கண்ணாடியைப் போட்டுத் தன் வாசகத்தை வாசித்தார். தான் சொன்ன ஒன்றை மெச்சாமல் அவர் வாசித்தது அன்றைக்குத்தான். பேப்பரை மெல்லக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"சும்மா றிமோட் எண்டு மட்டும் போட்டால்?"

"அதுவும் பொத்தான் உள்ள சாமான்தானே ஐயா," என்றாள் பூரணி. "அமுக்கிக் காட்டச் சொன்னால் நீங்கள்தான் அமுக்கவேணும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "கலீல், நான் முதலே யோசிச்சனான். சனத்தின்ர நன்மைதான் பெரிசு. மெமரியைக் கூட்டும்."

பூரணி புதுப் பேப்பரில் 'மெமரி 1' என்று எழுதினாள். அதற்கு அலங்காரம் சொல்ல அவர் வாயே திறக்கவில்லை.

பாலத்தடியில் ஓட்டோவை மறித்த சிப்பாய் பேப்பரைப் பார்த்தான், பெட்டியைச் சுற்றிப் பார்த்தான், பிறகு அரைகுறைத் தமிழில் கேட்டான்:

"ஐயா, இதில மெச் பாக்க ஏலுமா?"

"ஏலாது," என்றார் தலைவர்.

"அப்ப என்னத்துக்கு வாங்கின?" என்று பரிதாபப்பட்டுப் போகச் சொன்னான்.

ஞாயிறு பின்னேரம் லிஸ்ட் 'ர'வைத் தாண்டியது, 'வ'வுக்குள் நுழைந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய வேலாயுதத்தின் படம் மை காயாமல் வெளியே வந்தது. செவ்வாய் விடிய அவர் கடலுக்குப் போனார். அன்று பின்னேரமே ஒரு பெரிய விளைமீனோடு தலைவர் வீட்டுப் படலையில் நின்றார்.

"மெமரி கூட்டினது உங்கட யோசனையாம் ஐயா. மகள் சொன்னவள்."

உள்ளே ஏழு மணி நாடகம் தொடங்கும் பாட்டுக் கேட்டது. பாக்கியரத்தினம் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மீனை வாங்கிக்கொண்டார்.

"ஓம், ஓம். அதைக் கூட்டக் குறிப்பில எழுதச் சொல்லு பிள்ளையிட்ட. விரிவா."