ஆமைக்குப் போட்ட பந்தல்

லாங் ஐலண்ட் என்ற எங்கள் சின்னத் தீவில் கல்யாணம் என்றால் என் பந்தல்தான். ஊருக்கெல்லாம் பந்தல் போட்ட நான், என் மகள் ஸ்வேதாவுக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் அலைகிறேன். ஜாதகம் பொருந்தினாலும், "கப்பல் ஏறி வரணுமா?" என்று கடலுக்கு அக்கரையில் இருக்கும் மெயின்லேண்டுக்காரர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான், கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் கார்த்திகா வந்து நின்றாள்.

"அங்கிள், முட்டைக்கு நிழல் வேணும். ஜல்தி!"

"ஆமைக்குப் பந்தலா? வேற வேலையில்ல உனக்கு?"

கடற்கரைக்கே இழுத்துப்போய், செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். ஐயோ என்று குதித்தேன். வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டே போகிறதாம். முட்டைகளைப் பொறுக்கி வந்து அவள் வேலிக்குள் புதைத்த முதல் கூட்டில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. முட்டைகள் மணலுக்குள்ளேயே வெந்துவிட்டன. போன வாரம் புதைத்த ஒரே ஒரு கூடுதான் மிச்சம்.

"பொழைச்சாலும் கஷ்டம் அங்கிள். மணல் சூடானா எல்லாமே பெண் குஞ்சாத்தான் வரும்."

"எல்லாம் பொண்ணா? அப்ப மாப்பிள்ளைக்கு எங்க போறது?"

"அதான் பிராப்ளம்."

எனக்குப் பகீரென்றது. ஒரு பெண்ணை வைத்துக்கொண்டே நான் படாத பாடு படுகிறேன். கடல் முழுக்கப் பெண்கள் என்றால்?

"கீத்து நான் தரேன்" என்றேன்.

மறுநாள் என் ஆள் ஈஸ்வரனை அனுப்பினேன். மாலையில் போய்ப் பார்த்தால், பந்தல் வாசலில் இரண்டு வாழை மரம், குலையோடு! மாவிலைத் தோரணம் வேறு.

"ஏண்டா, ஆமைக்கு என்ன கல்யாணமா?"

"வாழை கட்டாம நாம எப்பண்ணே பந்தல் போட்டோம்?"

கார்த்திகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவிழ்க்க விடவில்லை.

அதன்பிறகு வேலை இல்லாத நாளிலும் அங்கே போய் மணலில் கால் வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருக்கும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் மணல் அசைந்தது. கார்த்திகா வேலிக் கதவைத் திறந்தாள். குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு, காய்ந்துபோன வாழை மரங்களுக்கு நடுவே புகுந்து கடலைப் பார்த்து ஓடின. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுல மாப்பிள்ளை எத்தனை பேரும்மா?"

"பார்த்துச் சொல்ல முடியாது அங்கிள். ஆனா இருப்பாங்க."

"போயிட்டு வாங்கடா!" என்று கத்தினேன்.

வேலை முடிந்ததென்று கயிற்றை அவிழ்க்க ஏறினான் ஈஸ்வரன். "அரே, இருங்க!" என்றாள் கார்த்திகா. "நேத்து இன்னொரு ஆமை வந்து போட்ட முட்டையையும் இங்கதான் புதைச்சிருக்கேன்."

"இறங்குடா கீழே" என்றேன். "கீத்து அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வாழை மரத்தை மட்டும் புதுசா கட்டு. நல்ல குலையாப் பார்த்துக் கட்டு."