மடிப்பில் போன பெயர்

1.

இந்தக் கதை ஒரு தாளை மூன்றாக மடித்ததில் பிறந்தது. மடித்தது நான். எல்லாம் கற்பனை என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தும் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது அப்படி. அனுப்புநர், பெறுநர், பொருள், நாள். பொருளை மூன்றாவது பத்தி வரை ஒளித்துவைத்தால் இரண்டு மதிப்பெண் போய்விடும். ஆகவே:

பொருள்: உயிரோடு இருந்த ஒரு கொல்லரை இறந்தவர் பட்டியலில் எழுதியது தொடர்பாக.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"மழை விட்டபோது ஆற்றங்கரையில் சுத்தியல் ஒன்று மட்டும் கிடந்தது; அதன் பிடியில் இன்னும்"

அதோடு நிறுத்திவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே சுத்தியல் எதுவும் கிடக்கவில்லை. இரண்டாவது தொடக்கம்: "நான் ஒரு விளையாட்டை நடத்துகிறேன்." இது உண்மை. ஆனால் இதைச் சொன்னபோது என் அலுவலக மேலாளர் முகத்தில் வந்த சிரிப்பு உங்கள் முகத்திலும் வந்துவிடுமோ என்று... சரி, வரட்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

2.

நான் ஒரு விளையாட்டை நடத்துகிறேன். இணையத்தில் ஓர் ஊர். ஆறு, பாலம், சந்தை, கொல்லுப்பட்டறை எல்லாம் உண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு அதில் வாழ்கிறார்கள். ஒருவர் மருத்துவச்சி, ஒருவர் காவல்காரர், ஒருவர் திருடர். (திருடருக்குத்தான் சிநேகிதர்கள் அதிகம்.) பேச வேண்டியதைத் தட்டச்சு செய்வார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

கணினி வேலையைச் சர்வர்க்காரி பார்த்துக்கொள்கிறார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஊரை நடத்துவது நான். அங்கே என் பாத்திரம் பதிவாளர். சண்டை தீர்ப்பது, விதி போடுவது, புதிதாக வருகிறவர்களுக்கு வரவேற்புக் கடிதம், வம்பு செய்கிறவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். எச்சரிக்கைக் கடிதத்துக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டவர்கள் இதுவரை பதினேழு பேர். கோப்பில் இருக்கிறது. பகலில் நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறேன். அங்கே பதினோரு வருடத்தில் நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, ஏடு. சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு அந்த வாரம் ஊரில் நடந்ததை எழுதி, இரும்பு முத்திரை வைத்து வெளியிடுவேன். முத்திரையும் விளையாட்டுக்குள் இருக்கும் ஒரு பொருள்தான். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வெளியிட முடியும். நான்கு வருடத்தில் அது என் பையை விட்டு இறங்கியதில்லை.

ஏட்டுக்கு ஒரே விதி. ஏறியதை யாரும் அழிக்கக் கூடாது, எழுதியவர் உட்பட. இந்த விதி என்னுடையது. இதுபோன்ற ஊர்கள் இணையத்தில் எத்தனையோ உண்டு. தோற்றவர் "அது செல்லாது" என்று ஆரம்பிக்கும் நாளில் அவை கலைந்துபோகும். எங்கள் ஊரில் தோற்றால் தோற்றதுதான், செத்தால் செத்ததுதான். நாங்கள் நிற்கிறோம். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(செத்தவருக்கு ஒரு சலுகை. நான்கு வாரம் நிழலாக உலவலாம். நடக்கலாம், பொருளைத் தொடலாம்; பேச முடியாது. தன்னிடம் இருப்பதைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போக அந்த அவகாசம். நான்காவது சனிக்கிழமை ஏடு வெளியானதும் பாத்திரம் மறைந்துவிடும். பெரும்பாலோர் இரண்டே நாளில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் புதுப் பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள்.)

3.

ஊரில் வெள்ளம் வந்தது. சர்வர்க்காரி ஒரு மாதம் உழைத்து உண்டாக்கிய வெள்ளம். நான்கு பேர் இறந்தார்கள். கொல்லர் மூன்று பேரைத் தோளில் போட்டுக் கரை சேர்த்தார். என் பதிவாளர் மேட்டில் நிற்க, நான் வீட்டில் வழக்கம்போலத் தாளில் பென்சிலால் குறிப்பெடுத்தேன். "இறந்தவர்கள்" என்று எழுதி அதன் கீழே நான்கு பெயர். பிறகு "காப்பாற்றியவர்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே ஒரு பெயர்.

தாள் எதுவானாலும் உறைக்குள் போகிற மாதிரி மூன்றாக மடிப்பது என் பழக்கம். இரண்டாவது தலைப்பு சரியாக மடிப்பில் விழுந்தது. என் அலுவலகப் பையில் ஐந்து நாள் கிடந்து கசங்கி, பென்சில் எழுத்து மடிப்போடு தேய்ந்துபோயிற்று. சனிக்கிழமை மேசையில் விரித்துவைத்து, யோசிக்காமல் அப்படியே பார்த்து எழுதினேன். இறந்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது பெயர் கொல்லர். ஆறு மணிக்கு முத்திரை வைத்தேன். ஆறு மணி ஒரு நிமிடத்துக்குக் கொல்லர் பேச்சிழந்தார்.

மூன்று பேரைக் காப்பாற்றியது யார் என்று ஏட்டில் ஒரு வரியும் இல்லை.

4.

இங்கே என் அக்கா வருகிறாள்.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஊரில் அவள் முன்பு படகுக்காரியாக இருந்தாள். இரண்டு வருடம் முன்பு நட்டாற்றில் அவளுடைய இணைய இணைப்பு போய்விட்டது. படகு கவிழ்ந்தது. ஏட்டில் ஏறிவிட்டது. மாற்றச் சொல்லிக் கேட்டாள். முடியாது என்று கடிதம் எழுதி அவள் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.

"கொல்லரையா? மூணு பேரைத் தூக்கிட்டு வந்ததே அவர்தானேடி!"

"தெரியும்."

"தெரிஞ்சா எழுதின?"

"மடிப்புல போயிடுச்சுக்கா."

தாளை வாங்கி விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"இப்ப அழிச்சிடுவியோ?"

"எப்படி அழிக்கறது? விதி இருக்கே."

"அழிச்சுதான் பாரேன். எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமான்னு ஊரைக் கூட்டிடுவேன். என் படகுக்காரி செத்தப்ப எனக்கு ஒன்றரைப் பக்கம் எழுதின நீ. பொருள், பார்வை எல்லாம் போட்டு. பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு."

"எல்லாம் முறைப்படிதான் எழுதினேன். தேதிகூட..."

"ஆமா. தேதிதான் இருந்துச்சு."

(இந்த இடத்தில் அக்காவைப் பொறாமைக்காரியாக வைத்துவிட்டால் கதை சுலபமாக ஓடும். அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அதில் அவள் கதவைச் சாத்துகிறாள், கொல்லரைப் பற்றிக் குத்தலாகப் பேசுகிறாள். படித்துப் பார்த்தபோது, அந்தப் பக்கத்தில் நல்லவளாக இருந்தது நான் மட்டும்தான். கிழித்துவிட்டேன். அடுத்த நாள் அவள் செய்ததைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.)

5.

ஞாயிறு காலை கொல்லர் பட்டறைக்கு வந்தார். சாம்பல் நிறத்தில், நிழலாக. எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. உலையை மூட்டிவிட்டு நின்றார். தெருவில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். செத்தவரிடம் பேசுவது விதிமீறல்.

அக்கா இப்போது சந்தையில் கீரை விற்கிறவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பட்டறை வாசலில் நின்றாள். கொல்லரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னாள்:

"இங்க யாரும் இல்ல. கடை காலியாத்தான் கெடக்கு. ஆனா என் அரிவாள் மழுங்கிப்போச்சு. வெச்சுட்டுப் போறேன். காத்து பட்டாவது கூராகுதான்னு பாப்போம்."

ஒரு மணி நேரத்தில் அரிவாள் வாசலில் இருந்தது. பளபளவென்று.

பிறகு ஊரே இதைப் பிடித்துக்கொண்டது. உடைந்த கலப்பை, வளைந்த ஆணி, கால் ஆடும் முக்காலி. பழுதான பொருள் ஊரில் தீர்ந்துபோய், நல்ல வாளைப் பாறையில் அடித்து உடைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. திருடர் ஒரு பூட்டோடு வந்தார்.

"பூட்டு உடைஞ்சிடுச்சு" என்றார்.

"உடைச்சதே நீதானேய்யா" என்றார் காவல்காரர்.

"யாரைப் பாத்துக் கேக்கறீங்க? நான் ஆளில்லாத கடைகிட்டல்ல பேசிக்கிட்டிருக்கேன்!"

நான்கு வாரம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர்கூட அவரைத் தனியாக விடவுமில்லை. தினமும் மாலை பதிவுகளைத் திறந்து மீறல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அலுவலக உணவு இடைவேளையில் அதை மூன்றாவது முறையாகச் சரிபார்த்தபோது மேலாளர் கடந்து போனார், பழைய சிரிப்போடு. அன்றைக்கு நானும் சிரித்தேன். இவர்கள் என் ஊர்க்காரர்கள், சார். உங்களுக்கு இப்படி ஓர் ஊர் உண்டா?

(கேட்கவில்லை. கதையில் கேட்டுக்கொள்கிறேன்.)

6.

இருபத்தைந்தாம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. விளையாட்டுக்கு வெளியே, மின்னஞ்சலில். கொல்லராக விளையாடுகிறவர் பல் செட் செய்கிற தொழிலாளி. அவர் வேலை பார்க்கும் அறையை நான் பார்த்ததில்லை. பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாக, மெழுகு உருக ஒரு சின்னச் சுடர், மேலே ஒரு குழல்விளக்கு என்று நானாக ஓர் அறையைக் கட்டியிருக்கிறேன். தப்பாக இருந்தால் அவர் மன்னிக்க வேண்டும். கடிதம் மட்டும் அவருடையது, ஓர் எழுத்தும் மாற்றவில்லை:

"மேடம், விதிய மாத்த வேணாம். எங்க தொழில்ல பல் சரியா பொருந்திட்டா ஆள் திரும்பி வரவே மாட்டாங்க. பொருந்தலன்னாதான் வருவாங்க, திட்டறதுக்கு. பட்டறைக்கு மட்டும்தான் நல்லா செஞ்சதுக்கப்புறமும் ஆள் வராங்க. அதுக்காகத்தான் நாலு வருஷமா வரேன். போறதா இருந்தா போறேன். ஒண்ணே ஒண்ணு. அந்த மூணு பேரைத் தூக்கினது நான்னு ஏட்ல இல்ல. சேக்கறது அழிக்கறது ஆகாதுல்ல?"

ஆகாது. சேர்க்கலாம்.

அன்றே எழுதினேன். "மூவரைக் கரை சேர்த்த கொல்லர், நான்காவது குரலைக் கேட்டு மீண்டும் நீரில் இறங்கினார், திரும்பவில்லை." எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அவருக்குப் பெருமை, விதிக்கு மரியாதை. என் தவறோ இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இருநூற்றுப் பத்து ஏடுகள், ஒரு பிழை இல்லை.

அக்காவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"நல்லா இருக்கு. உன் தப்பு எங்க?"

"அது படிக்கிறவங்களுக்குத் தெரியாதுக்கா."

"அதான் கேட்டேன்."

தாளைத் திருப்பித் தந்துவிட்டு அவளே சொன்னாள். "என் படகுக்காரி என் நெட்டு போய்ச் செத்தா. அவர் உன் கையால செத்திருக்காரு. ரெண்டும் ஒண்ணில்ல. அன்னிக்குக் கோவத்துல சொன்னேன்."

"திரும்பி வந்தார்னு எழுதினா ஊரைக் கூட்ட மாட்டியா?"

"கூட்ட மாட்டேன். ஆனா எது எழுதினாலும் முதல் வரியில உன் பேர் இருக்கணும்."

7.

சனிக்கிழமை. மூன்று தாள் எழுதினேன். மூன்றுக்கும் முதல் இரண்டு வரி ஒன்றே:

"வெள்ளத்தில் மூவரைக் காப்பாற்றியவர் கொல்லர். அவரை இறந்தவர் பட்டியலில் சேர்த்தது பதிவாளரின் தவறு."

அதற்குப் பிறகு:

முதல் தாள்: "ஆயினும் எழுதியது எழுதியதே. கொல்லருக்கு ஊர் விடை கொடுக்கிறது."

இரண்டாம் தாள்: "கொல்லர் ஊருக்குத் திரும்பி வந்தார்." (இதை வைத்தால் நாளைக்கே இறந்தவர்கள் அத்தனை பேரும் மனுவோடு நிற்பார்கள். நிற்கட்டும், ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவேன்.)

மூன்றாம் தாள்: "கொல்லர் நிழலாகவே பட்டறையில் இருக்கிறார். நான்கு வாரக் கெடு அவருக்கு இல்லை."

எதை வெளியிடுவது என்று ஐந்தரை மணி வரை எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, அது நான் முடிவு செய்ய வேண்டியதே இல்லை என்று. என் பங்கு முதல் இரண்டு வரியோடு முடிந்துவிட்டது.

முத்திரையை எடுத்துப் பாறையில் ஓங்கி அடித்தேன். விளிம்பு சிதறியது. முத்திரையைப் பழுதுபார்க்கக் கொடுக்கக் கூடாது என்று விதி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், விதிகள் எல்லாம் நான் எழுதியவை.

பட்டறை வாசலில் வரிசை நின்றது. பதிவாளர் வருவதைப் பார்த்து வழிவிட்டார்கள். மூன்று தாளையும் முத்திரையையும் வைத்தேன். கூரையைப் பார்த்தேன்.

"இங்க யாரும் இல்ல" என்று தட்டச்சு செய்தேன். "முத்திரை உடைஞ்சிடுச்சு. மூணு தாள் இருக்கு. சரியானதும் அவரு எதுல வெக்கறாரோ அதான் ஏடு. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

நாற்காலிக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

"பொருள், பார்வை எல்லாம் எங்கடி?"

"மடிப்புல போயிடுச்சு" என்றேன்.

8.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குச் சுத்தியல் சத்தம் நின்றது. ஆறு மணிக்கு ஏடு வெளியானது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் படித்தோம். பிறகு திருடர்தான் முதலில் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுதினால் எந்தத் தாள் என்று தெரிந்துவிடும். எழுதப்போவதில்லை.

கோபப்படாதீர்கள். அது எங்கள் ஏடு. அங்கே எதையும் என்னால் அழிக்க முடியாது. இது கதை. இதில் அழித்திருக்கிறேன், கிழித்திருக்கிறேன், பார்க்காத அறைக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட கையால் அந்த முடிவை எடுத்துப்போட எனக்கு மனமில்லை. உங்களுக்கு உங்கள் முடிவு வேண்டும்.

மூன்று தாளும் மேலே இருக்கின்றன. முத்திரை சரியாகிவிட்டது, விளிம்பு முன்பைவிட நன்றாகவே இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். எதில் வேண்டுமோ அதில் வையுங்கள். வைத்த பிறகு மாற்ற முடியாது.

மாற்றச் சொல்லி எனக்கு எழுதலாம். ஒன்றரைப் பக்கத்தில் பதில் வரும். நாள் போட்டிருக்கும். ஆனால் இந்தமுறை தேதியோடு நின்றுவிடாது.