சுடுகாட்டைப் பார்த்த வாசல்

பெருநகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் துணை சுகாதார நிலையம் கட்டினார்கள். முன்பக்கம் ஆஸ்பத்திரி, பின்பக்கம் நர்ஸ் வீடு, நடுவில் ஒரு கதவு. வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. அளக்க வந்த இன்ஜினியர் அகலமான பாதையைப் பார்த்து முன்வாசலை வைத்தார். அது சுடுகாட்டுப் பாதை. அவர் வந்த வாரம் ஊரில் யாரும் சாகவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

பிணம் போகிற பாதையைப் பார்த்த வாசலில் கைக்குழந்தையோடு ஏற யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாரும் பின்பக்கம் வந்தார்கள். சமையலறையில் நுழைந்து, படுக்கையறையைத் தாண்டி, நடுக்கதவு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகிற போக்கில் குழம்புக்கு உப்பு பார்த்தவர்களும் உண்டு.

நர்ஸ் ஷீபாவுக்கு அதுகூடப் பரவாயில்லை. புருஷன் ஜான்சனுக்கு ஒரகடம் கம்பெனியில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம், அதுவும் ஊரே தாண்டிப் போகிற அந்தப் படுக்கையறையில்.

"யாரு இது, கேஸா?"

"நர்சம்மா வூட்டுக்காரரு. தூங்கிக்கினு கீறாரு."

"வாய்ல ஈ பூந்துடும் போல கீது, எழுப்பி வுடு."

எழுப்பிவிட்டார்கள்.

"ஒரு வழி பண்ணு ஷீபா. இல்லன்னா மாகறல்ல எங்கம்மா வூட்டுக்கே போய்டறேன். பேஜார் தாங்கல" என்றான் ஜான்சன். துணிகளைப் பையில் அடைத்துக் கதவோரம் வைத்தும்விட்டான்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஆளுக்கொரு ஊரில் இருந்தவர்கள். இந்த வீடு கிடைத்துத்தான் சேர்ந்திருந்தார்கள். ஷீபா யோசித்தாள். யாரும் வராத இடம் ஆஸ்பத்திரியின் முன்னறை ஒன்றுதான். அங்கிருந்த நோயாளிக் கட்டிலில் அவனைப் படுக்க வைத்தாள். அடித்துப்போட்டதுபோல் தூங்கினான்.

மறுநாள் டாக்டர் சசிரேகா ஜீப்பில் திடீரென்று வந்தார். வெளியூர்க்காரர், நேராக முன்வாசலில் ஏறினார்.

"என்ன கேஸ்மா?"

ஷீபா கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். "தூக்கமில்ல மேடம்."

டாக்டர் ஜான்சனின் இமையை விரித்துப் பார்த்தார். "ரொம்பக் களைச்சிருக்கார். குளுக்கோஸ் ஏத்துங்க."

ஊசி குத்தியும் ஜான்சன் எழவில்லை.

ஜீப்பைப் பார்த்துக் கூடிய கூட்டம் ஜன்னலில் நின்றது. சாயங்காலம் ஜான்சன் எழுந்து சோம்பல் முறித்து, முன்வாசல் வழியாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தான்.

"சுடுகாட்டப் பாத்த ரூம்ல படுத்த ஆளு, காலால நடந்து வராரு பாரு!" என்றாள் எதிர்வீட்டுச் சிட்டம்மாள்.

விடிந்ததும் ஊரே முன்வாசலில் வரிசையில் நின்றது. ஷிப்ட் முடிந்து வந்த ஜான்சன் காலியான சமையலறையைப் பார்த்தான். நம்ப முடியாமல் தன் படுக்கையில் படுத்தான். கண் செருகும்போது பின்கதவு திறந்தது. சிட்டம்மாள், கையில் மிளகு ரசம். பின்னால் தெருப் பெண்கள் சாத்துக்குடியோடும் ரொட்டியோடும். உடம்பு சரியில்லாதவரை வீட்டில் போய்ப் பார்ப்பதுதானே முறை.

சிட்டம்மாள் அவனை உலுக்கினாள். "நைனா, நல்லா தூங்குனியா? குளுக்கோஸ் ஏத்துன ஒடம்பு, தூங்கணும்."

ஜான்சன் எழுந்து உட்கார்ந்து ரசத்தைக் குடித்தான். சாத்துக்குடி வைக்க ஷீபாவுக்குப் பாத்திரம் போதவில்லை. அவன் கதவோரப் பையிலிருந்த துணிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, பையை அவளிடம் நீட்டினான்.