ஒரு மீட்டர் இடைவெளி

திருவேங்கடத்தைக் கண்டாலே ஹரிகிருஷ்ணனுக்கு வயிறு எரியும். மாமல்லபுரத்தில் டி.வி. ரிப்பேர் பார்க்கிறவன், அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை. அணு ஆராய்ச்சி இன்ஜினியரான ஹரிகிருஷ்ணனோ, செங்கல்பட்டு வீட்டு மொட்டைமாடியில் நாலு சுருள் ஆன்டெனாக்களை ஒரே சட்டத்தில் பூட்டி, செயற்கைக்கோள் வழியாக வரும் வெளிநாட்டுக் குரல்களுக்காகத் தவம் கிடந்தார். கிடைத்ததெல்லாம் இரைச்சல்தான். அந்தப் பயல் ஒற்றைச் சுருளை வைத்துக்கொண்டு பிரேசில்காரனைக் கேட்டுவிட்டானாம்! ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் கூடிப் பேசும் சுற்றுவட்டார நண்பர்கள், சந்தேகம் என்றால் இதுவரை ஹரி சாரைத்தான் கேட்பார்கள். இப்போது திருவேங்கடத்தையும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

1995-இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவனே மொபெட்டில் வந்து இறங்கினான். ஹரிகிருஷ்ணனின் மனைவி சங்கரி இருவருக்கும் காபி கொண்டுவந்தாள்.

"சார், நானும் நாலு சுருள் சுத்தி வச்சிகிறேன். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் எவ்ளோ கேப் வுடணும்? அதான் ஒரே பேஜாரா கீது."

அலைநீளம் எழுபது சென்டிமீட்டர். அதைவிட நெருக்கமாக இருந்தால்தான் நாலும் சேர்ந்து கேட்கும் என்று கணக்குப் போட்டு, தம்முடையதை அரை மீட்டர் இடைவெளியில் வைத்திருந்தார் ஹரிகிருஷ்ணன். அதை இவனுக்கு ஏன் தூக்கிக் கொடுக்கவேண்டும்?

"ஒரு மீட்டர் விடுப்பா."

"அவ்ளோவா சார்?"

"நம்பிக்கை இல்லேன்னா எதுக்கு வந்தே?"

"அய்யோ, நீங்க சொன்னா சரி சார்!"

அவன் போனபிறகு, ஆறிப்போன காபிகூட அவருக்கு ருசித்தது.

அடுத்த வாரம் ஞாயிறு. சங்கரி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் திருவேங்கடம் துள்ளினான்.

"பிரேசில்காரன் பக்கத்து வூட்ல பேசறா மாதிரி கீது! ஜப்பான், ஜெர்மனி, அல்லாம் வந்துச்சு. எனக்கு இன்னா தெரியும்? ஹரி சார்தான் ஒரு மீட்டர் வுடுன்னாரு. அல்லாம் அவரு மூளை!"

ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். ஹரிகிருஷ்ணன் மைக்கை அழுத்தி, எல்லாருக்கும் நன்றி சொன்னார். அவனைக் கெடுக்கச் சொன்ன பொய் சரியாகிவிட்டது. ராப்பகலாகப் போட்ட கணக்கு தப்பு. பாராட்டைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் ஏறியது. புகழ் இவருக்கு, பிரேசில் அவனுக்கா?

மைக்கை வைத்துவிட்டு ஸ்பேனரையும் டேப்பையும் எடுத்தார்.

"தோசை ஆறுது, எங்க கிளம்பிட்டீங்க?"

"மாடிக்கு. நம்மளதையும் ஒரு மீட்டருக்குத் தள்ளி வைக்கணும்."

சங்கரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நம்மளது ஒரு மீட்டர்ல இல்லையா? அப்போ அந்த மனுஷனுக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"